பல்லில் கம்பி போட்டிருக்கும் பிள்ளைகளுக்குச் சொத்தை வராமல் காப்பது: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல் வரிசையைச் சீராக்கக் கம்பி போடும் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் நீடிக்கிறது. சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. இந்தக் காலம் முழுவதும் தெற்றுப்பல் உள்ளே போயிற்றா, இடைவெளி மூடிற்றா என்பதிலேயே வீட்டாரின் கவனம் இருக்கிறது. கம்பியைக் கழற்றும் நாளில் பற்கள் நேராக நிற்கின்றன. ஆனால் சில பிள்ளைகளுக்கு, அந்த நேரான பற்களின் மேல் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைத் திட்டுகளும் தெரிகின்றன. பல் மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, அந்த நேரத்தில் பெற்றோரின் முகத்தைப் பார்ப்பது ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் அவற்றில் பெரும்பகுதி தடுத்திருக்கக்கூடியது. சிகிச்சை அறையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே சற்று விரிவாக விடை எழுதியிருக்கிறேன். பல்லின் முன்பக்கம் ஒட்டப்படும் சிறு துண்டைப் பிராக்கெட் என்றும், அதன் ஊடே செல்வதைக் கம்பி என்றும், கடைவாய்ப்பல்லைச் சுற்றி மாட்டும் வளையத்தைப் பேண்ட் என்றும் குறிப்பிடுகிறேன்.

கம்பி போட்டால் பல் சொத்தையாகிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். அது உண்மையா?

கம்பியோ பிராக்கெட்டோ பல்லை அரிப்பதில்லை. சொத்தையை உண்டாக்குவது பல்லின் மேல் ஒட்டிக்கொண்டு வளரும் பற்படலம் என்னும் நுண்ணுயிர்ப் படிவு. நாம் உண்ணும் சர்க்கரையையும் வேகவைத்த மாவுப்பொருளையும் அந்த நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து அமிலமாக மாற்றுகின்றன. 1924ஆம் ஆண்டில் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்து விவரித்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் இவற்றில் முக்கியமானது. இனிப்பு வாய்க்குள் சென்ற சில நிமிடங்களிலேயே பற்படலத்தின் பிஹெச் அளவு, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், சரிகிறது; எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். அது ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது பல்லின் மேலோடான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அந்த அமிலத்தைச் சமன் செய்து, இழந்த தாதுக்களைத் திருப்பித் தர அரை மணி முதல் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

கம்பி இல்லாத வாயில் உதடும் கன்னமும் நாக்கும் பேசும்போதும் மெல்லும்போதும் பல்லின் முன்பக்கத்தைத் தாமாகவே துடைத்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் முன்பற்களின் வழவழப்பான முன்பரப்பில் பொதுவாகச் சொத்தை வருவது குறைவு. பிராக்கெட் ஒட்டியவுடன் அந்தத் துடைப்பு நின்றுபோகிறது. பிராக்கெட்டின் இறக்கைகளுக்கு அடியிலும், கம்பிக்குப் பின்னாலும், அதைக் கட்டியிருக்கும் ரப்பர் வளையத்தைச் சுற்றியும் உணவுத் துணுக்குகள் தங்குகின்றன. ஆகவே கம்பி சொத்தையைத் தருவதில்லை, சொத்தைக்கு இடம் தருகிறது. அந்த இடத்தை நாள்தோறும் சுத்தமாக வைத்திருக்கும் பிள்ளைகள், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு திட்டும் இல்லாத பற்களோடு வெளியே வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிராக்கெட் ஒட்டுவதற்கு அமிலம் தடவுகிறார்களே, அது பல்லைக் கெடுக்காதா?

1955ஆம் ஆண்டில் பூனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வெளியிட்ட முறையின் வழிவந்தது அது. இன்று பெரும்பாலும் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 15 முதல் 30 விநாடி தடவிக் கழுவிவிடுகிறார்கள். எனாமலின் மேற்பரப்பு மட்டும் சற்றுச் சொரசொரப்பாகிறது. அதன் மேல் பசை நிரம்பிவிடுகிறது. பிராக்கெட்டுக்கு வெளியே சிறிது பட்டிருந்தாலும் உமிழ்நீர் அதைச் சரிசெய்துவிடும். வாரக்கணக்கில் ஒரே இடத்தில் தங்கும் பற்படலத்தின் அமிலத்தோடு இதை ஒப்பிடவே முடியாது.

வெள்ளைத் திட்டு என்பது எப்படி இருக்கும்? வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பெற்றோர் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இதுதான். இரவு பல் துலக்கிய பிறகு பிள்ளையை டியூப் லைட்டுக்கு நேராக நிறுத்தி, மேலுதட்டைக் கட்டைவிரலால் மெல்ல உயர்த்துங்கள். நடுவில் இரண்டு பெரிய முன்பற்கள், அவற்றை ஒட்டி இருபுறமும் சற்றுச் சிறிய பற்கள், அடுத்துக் கூரான கோரைப்பற்கள். இந்தச் சிறிய முன்பற்களிலும் கோரைப்பற்களிலும்தான் திட்டு முதலில் தோன்றுவது வழக்கம். பிராக்கெட்டின் மேல் விளிம்புக்கும் ஈறுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை இருக்கும். அந்த இடத்தை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி ஈரம் போக்கி, சில விநாடிகள் காத்திருந்து பாருங்கள். நல்ல எனாமல் காய்ந்தாலும் பளபளப்பாகவே இருக்கும். தாது இழந்த எனாமல் மட்டும் பளபளப்பு மங்கி, பிறை வடிவில் சுண்ணாம்பு நிறத்தில் தனித்துத் தெரியும்.

காய்ந்தால்தான் தெரிகிறது என்பதற்குக் காரணம் உண்டு. கரைந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. அவற்றில் நீர் நிறைந்திருக்கும்போது ஒளி ஓரளவு நேராக ஊடுருவிச் செல்கிறது. நீர் போய்க் காற்று புகுந்ததும் ஒளி சிதறி வெள்ளையாகத் தோன்றுகிறது. காய வைத்தால் மட்டும் தெரியும் திட்டு ஆரம்ப நிலை. ஈரமாக இருக்கும்போதே தெரிந்தால் இன்னும் ஆழமாகச் சென்றிருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் வலியோ கூச்சமோ இருக்காது என்பதால், பிள்ளை தானாகச் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம்.

சில வேளைகளில் அந்தப் பட்டையில் மங்கலான மஞ்சள் வெள்ளையாக ஏதோ ஒன்று இருக்கும். நகத்தால் மெல்லச் சுரண்டினால் மாவு போல வந்துவிடும். அது திட்டு அல்ல, துலக்காமல் விட்ட பற்படலம். திட்டு அதற்கு அடியில்தான் உருவாகிறது.

இது வர எத்தனை நாள் ஆகும்?

பற்படலம் ஒரே இடத்தில் கலையாமல் இருந்தால், ஏறத்தாழ நான்கு வாரங்களில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் திட்டு உருவாகிவிடும். கம்பியை இறுக்குவதற்கு நீங்கள் மருத்துவரிடம் செல்வதும் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறைதான். ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த முறை பார்ப்பதற்குள் பல்லில் தழும்பு விழுந்துவிட முடியும் என்றால், மருத்துவரின் கண் மட்டும் போதாது. வீட்டில் வாரம் ஒருமுறையாவது உதட்டை உயர்த்திப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம்?

ஏற்கெனவே சொத்தை வந்து பால் பற்களிலோ நிலைப் பற்களிலோ அடைத்திருக்கும் பிள்ளைகள் முதல் வரிசையில் வருகிறார்கள். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிகிற பிள்ளைகள், வாயால் மூச்சுவிடும் பழக்கமுள்ளவர்கள், நாள்தோறும் இனிப்பு கலந்த சிரப் மருந்து குடிப்பவர்கள், உமிழ்நீரைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கும் கூடுதல் எச்சரிக்கை தேவை. அண்மையில் முளைத்த பற்களின் எனாமல் இன்னும் முழுமையாக உறுதிப்பட்டிருக்காது. பன்னிரண்டு வயதை ஒட்டிக் கோரைப்பல்லும் இரண்டாம் கடைவாய்ப்பல்லும் வந்தவுடனேயே கம்பி போடும் பிள்ளைகளுக்கு இதுவும் ஒரு காரணமாகச் சேர்கிறது.

சொத்தை இருக்கும்போதே கம்பி போட்டுக்கொள்ளலாமா? பள்ளி விடுமுறைக்குள் போட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறோம்.

வேண்டாம். முதலில் சொத்தைகளை அடைத்து, ஈறு அழற்சியைக் குறைத்து, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மறைந்திருக்கும் சொத்தையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். கடைவாய்ப்பற்களின் பள்ளங்கள் ஆழமாக இருந்தால் அவற்றைப் பூச்சு கொண்டு மூடிவிடுவதும் நல்லது. பிள்ளை தன் பற்களைச் சரியாகத் துலக்குகிறதா என்பதை அடுத்தடுத்த இரண்டு மூன்று வருகைகளில் பார்த்த பிறகே நான் பிராக்கெட் ஒட்டச் சம்மதிப்பேன். கம்பி இல்லாதபோதே துலக்கத் தெரியாத பிள்ளைக்குக் கம்பி போட்ட பிறகு அது திடீரென வந்துவிடாது. கோணல் பல் ஆறு மாதம் காத்திருப்பதால் பெரும்பாலும் எந்த நட்டமும் இல்லை. சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லும் மருத்துவரை அலைக்கழிப்பவர் என்று எண்ணாதீர்கள்.

எங்கள் ஊர்த் தண்ணீரால் பிள்ளையின் பல்லில் ஏற்கெனவே வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன. அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருப்பதால் தலைமுறைகளாகப் பற்கள் கறைபட்டு வந்தன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே கொண்டுவரப்பட்டது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அளவு மிகுந்த நீரைச் சிறு வயதில் தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமல் பாதிக்கப்படுகிறது. அப்படி வரும் வெண்மை, பல் முளைக்கும்போதே இருக்கும். வலப்பக்கப் பல்லிலும் இடப்பக்கப் பல்லிலும் ஒரே மாதிரி, குறுக்குக் கோடுகளாகவோ மேகம் படர்ந்தது போலவோ தெளிவான விளிம்பின்றிப் பரவியிருக்கும். கம்பியால் வரும் திட்டு, பிராக்கெட்டின் உருவத்தைச் சுற்றி வரைந்தது போல, ஈறோரத்தில் விளிம்போடு நிற்கும்.

சிகிச்சை தொடங்கும் முன்பே பற்களை நெருக்கத்தில் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுமாறு மருத்துவரிடம் கேளுங்கள். முன்பே இருந்தது எது, புதிதாக வந்தது எது என்ற ஐயம் பின்னால் எழாது.

இந்த ஊர்களின் பெற்றோர் பலர் ஃப்ளோரைடு என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சுகிறார்கள்; அவர்கள் பார்த்து வளர்ந்த பற்களை நினைத்தால் அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் எனாமல் உருவாகும் காலத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயது வரை, உடலுக்குள் செல்லும் மிகுதியான ஃப்ளோரைடுதான் முன்பற்களில் அந்தக் கறையை உண்டாக்குகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயில் முளைத்து நிற்கும் பற்கள் எப்போதோ உருவாகி முடிந்துவிட்டவை. பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளோரைடு மேலே பட்டு, துப்பிவிடப்படுவதால் அவற்றில் புதிதாகக் கறை வராது. தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்த ஊர் என்பதை மட்டும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

கம்பி இருக்கும்போது எப்படித் துலக்க வேண்டும்?

ஒவ்வொரு பல்லையும் மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பகுதி, பிராக்கெட்டின் முகம், பிராக்கெட்டுக்கும் பல்லின் முனைக்கும் நடுவிலுள்ள பகுதி. முதல் பகுதிக்கு, மென்மையான பிரஷ்ஷின் இழைகள் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி 45 பாகை சாய்த்துப் பிடித்து, இருந்த இடத்திலேயே சிறு சிறு அசைவாகப் பத்து எண்ணும் வரை துலக்க வேண்டும். நீளவாக்கில் வேகமாக இழுத்தால் பிரஷ் பிராக்கெட்டின் மேலேயே ஓடி, நமக்கு வேண்டிய பட்டையைத் தொடாமல் போய்விடும். பிறகு பிரஷ்ஷை எதிர்ப்பக்கம் சாய்த்துக் கம்பியின் மறுபுறத்தையும், இறுதியில் நேராக வைத்துப் பிராக்கெட்டின் முகத்தையும் துலக்க வேண்டும். பற்களின் உட்பக்கத்தையும் மெல்லும் பரப்பையும் விட்டுவிடக் கூடாது.

கம்பிக்கு அடியில் சாதாரண பிரஷ் நுழையாது. அதற்கென்று விளக்குத்திரி போன்ற சிறு முனையுள்ள பல்லிடைப் பிரஷ் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அதைக் கம்பிக்கும் பல்லுக்கும் இடையில் மேலிருந்து கீழாக நுழைத்து, ஒவ்வொரு பிராக்கெட்டின் இரு பக்கத்தையும் நான்கைந்து முறை தேய்க்க வேண்டும். இவ்வளவையும் செய்து முடிக்க நான்கைந்து நிமிடமாவது ஆகும். கம்பியில் உரசி உரசி பிரஷ்ஷின் இழைகள் சீக்கிரமே விரிந்துவிடும். மூன்று மாதக் கணக்கைப் பார்க்காமல், விரிந்தவுடன் மாற்றிவிடுங்கள்.

காலையைவிட இரவு முக்கியம். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடுவதால், இரவு முழுவதும் பல்லுக்குப் பாதுகாப்பு இல்லை. இரவு துலக்கிய பிறகு நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் அப்படியே படுக்கச் செல்வது நல்லது. பேஸ்ட்டிலுள்ள ஃப்ளோரைடு பல்லின் மேல் சிறிது நேரம் தங்கட்டும். நம் வீடுகளில் நான்கு முறை கொப்பளித்தால்தான் மனம் ஒப்பும். ஒரு வாரம் பழகினால் சரியாகிவிடும்.

பற்படலத்தை நிறமேற்றிக் காட்டும் மாத்திரையோ திரவமோ மருத்துவரிடம் கிடைத்தால், மாதம் ஒருமுறை பயன்படுத்துங்கள். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, தான் நன்றாகத்தான் துலக்குகிறேன் என்று அழாத குறையாக வாதிட்டுக்கொண்டிருந்தாள். நிறத்தைத் தடவிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். பல்லின் கீழ்ப்பாதி வெள்ளையாகவும், ஈறோரம் முழுவதும் அடர்ந்த இளஞ்சிவப்பாகவும் இருந்தது. அவள் சொன்னது பொய்யில்லை. இரண்டு வேளையும் துலக்கத்தான் செய்தாள், பிரஷ் அந்த இடத்துக்குப் போகவே இல்லை. அன்றைக்குக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அவள் துலக்கக் கற்றுக்கொண்டாள்.

வேப்பங்குச்சியும் பல்பொடியும் போதாதா? "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்றுதானே சொல்வார்கள்?

கம்பியில்லாத பல்லில், மென்று நாராக்கிய குச்சி வழவழப்பான பரப்பைத் துடைக்கும். பிராக்கெட்டின் இடுக்கிலும் கம்பியின் அடியிலும் அந்த நார் செல்லாது. அழுத்தினால் பிராக்கெட் பெயர்ந்துவிடவும் கூடும். விரலில் தொட்டுத் தேய்க்கும் பொடிக்கும் அதே குறை உண்டு. கரியும் சாம்பலும் கலந்த பொடி எனாமலைத் தேய்க்கவும் செய்யும். நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் அது துலக்குவதற்கு ஈடாகாது. சிகிச்சை முடியும் வரை பிரஷ்ஷும் ஃப்ளோரைடு பேஸ்ட்டும்தான்.

எந்தப் பேஸ்ட் வாங்குவது?

விளம்பரத்தைப் பார்க்காமல் குழாயின் பின்புறத்தைப் படியுங்கள். ஃப்ளோரைடு எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அச்சிட்டிருக்கும். இந்தியாவில் பேஸ்ட்டில் 1000 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த அளவை ஒட்டியதாக வாங்குங்கள். மூலிகைப் பேஸ்ட்டுகள் பலவற்றில் ஃப்ளோரைடு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளுக்கு, 0.05 சதவீத சோடியம் ஃப்ளோரைடு கலந்த வாய் கொப்பளிக்கும் திரவத்தை நாள்தோறும் ஒருவேளை பயன்படுத்த மருத்துவர் சொல்லலாம். பல் துலக்கும் நேரத்தில் அல்லாமல் வேறு நேரத்தில், பள்ளியிலிருந்து வந்தவுடன் கொப்பளிப்பது பொருத்தமாக இருக்கும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இதைக் கொடுக்கக் கூடாது, ஏனெனில் அவர்கள் விழுங்கிவிடுவார்கள். இவை தவிர, மருத்துவர் தம் கையால் பூசும் வார்னிஷ் ஒன்று உண்டு. 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு கொண்ட அது பல்லில் ஒட்டிக்கொண்டு சில மணி நேரம் மெல்ல வேலை செய்கிறது. கம்பியை இறுக்கச் செல்லும்போதே அதையும் பூசிக்கொள்ளலாம். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதைப் பிள்ளையின் வாயைப் பார்த்து அவர் முடிவு செய்வார்.

சாப்பாட்டில் எதை விட வேண்டும்?

இட்லி, தோசை, சோறு, குழம்பு, காய் என்று மூன்று வேளை உண்ணும் உணவால் தொல்லை வருவது அரிது. வேளைக்கு இடையில் வாயில் போடுவதுதான் சிக்கல். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை இனிப்பு என்பதே பல்லுக்கு முக்கியம். ஒருமுறை உண்டால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அமிலம் நிற்கிறது என்று மேலே சொன்னேன். பள்ளி இடைவேளையில் கிரீம் பிஸ்கட், மாலை டியூஷனுக்குப் போகும்போது ஒரு சாக்லேட், வீடு திரும்பி ஒரு ஜூஸ், படுக்கும்முன் சர்க்கரையும் சத்துமாவும் கலந்த பால் என்று போனால், பல் தேறி எழ நேரமே கிடைப்பதில்லை. கொடுக்க வேண்டிய இனிப்பை மதியச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். இரவுப் பாலை இரவு உணவோடு முடித்து, அதன் பிறகு துலக்கி, பின் தண்ணீர் மட்டும்.

கமர்கட், கடலை மிட்டாய், எள்ளுருண்டை, அல்வா, பஞ்சாமிர்தம் ஆகியவை பிராக்கெட்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கரையும். முறுக்கு, தட்டை, சீடை ஆகியவற்றில் இனிப்பே இல்லையே என்று கேட்கிறார்கள். அவை பிராக்கெட்டைப் பெயர்த்துவிடும். நொறுங்கிய மாவு பசையாகிக் கம்பிக்கு அடியில் அப்பிக்கொள்ளும். பொங்கல் கரும்பைப் பல்லால் கடித்து உரிப்பது கம்பி இருக்கும் வரை வேண்டாம். கோயில் பிரசாதத்தை மறுக்கச் சொல்லவில்லை. உண்டவுடன் நன்றாகத் தண்ணீர் விட்டு வாயை அலசிவிட்டால் போதும்.

குளிர்பானங்களில் சர்க்கரையோடு அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. பாட்டிலைப் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரமாக உறிஞ்சுவதைப் போலப் பல்லுக்குக் கெடுதல் செய்வது வேறில்லை. மாலை நேரப் பசிக்கு வேகவைத்த சுண்டல், துண்டாக நறுக்கிய கொய்யா அல்லது வெள்ளரி, அவித்த முட்டை, மோர் ஆகியவற்றைக் கொடுக்கலாம்.

மதியம் பள்ளியில் துலக்க முடியவில்லை. என்ன செய்வது?

தண்ணீரை வாயில் நிரப்பி, கன்னத்தை உப்பி உப்பி அரை நிமிடம் வேகமாக அலசித் துப்பச் சொல்லுங்கள். துலக்கியதற்கு இணையாகாது; ஆனாலும் பெரிய துணுக்குகள் போய்விடும்.

கடைவாய்ப்பல்லின் பேண்ட் லேசாக ஆடுகிறது. வலி இல்லை. அடுத்த மாதச் சந்திப்பு வரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம், அந்த வாரத்திலேயே காட்டிவிடுங்கள். பெயர்ந்து தொங்கும் பிராக்கெட்டைவிட ஆடும் பேண்ட் ஆபத்தானது. பல்லுக்கும் வளையத்துக்கும் நடுவிலுள்ள சிமென்ட் கரைந்து போன இடைவெளியில் உணவும் உமிழ்நீரும் புகுந்துகொள்ளும். பிரஷ் அங்கே நுழையாது. அப்படி ஒரு வளையத்தைத் தேர்வு முடியட்டும் என்று இரண்டு மாதம் விட்டிருந்த பையனுக்கு, அதைக் கழற்றியபோது பல்லைச் சுற்றி ஒரு பட்டை முழுவதும் வெளுத்து, ஓரிடத்தில் முள் குத்தினால் இறங்கும் அளவுக்கு எனாமல் மென்மையாகியிருந்தது. அவனுக்கு ஒரு நாள்கூட வலிக்கவில்லை. வாயில் கெட்ட வாடை, குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம், அல்லது பல்லை அழுத்தி மெல்லும்போது வளையம் ஏறி இறங்குவது போன்ற உணர்வு இருந்தால் உடனே சொல்லும்படி பிள்ளையிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

கழற்றி மாட்டும் அலைனர் போட்டால் சொத்தை வராதா?

அலைனர் என்பது கம்பிக்குப் பதிலாகப் பற்களின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை. கழற்றித் துலக்க முடிவதால் திட்டுகள் குறைவு. ஆனால் அலைனரை மாட்டியபடியே ஜூஸோ இனிப்புப் பாலோ குடித்தால், அது பல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே சிறைப்பட்டுவிடும். உமிழ்நீர் அங்கே வந்து அதைக் கழுவ முடியாது. மாட்டியிருக்கும்போது தண்ணீர் மட்டுமே குடிக்க வேண்டும்.

திட்டு வந்தேவிட்டது. மறையுமா?

கம்பி இருக்கும்போதே பார்த்துவிட்டால், அந்த இடத்தைச் சுத்தமாக வைத்து, ஃப்ளோரைடு கொடுத்து, மேலும் பரவாமல் நிறுத்தலாம். கம்பியைக் கழற்றிய பிறகு உதடும் நாக்கும் மீண்டும் பல்லைத் தொடுவதாலும், உமிழ்நீர் தடையின்றிச் சேர்வதாலும் திட்டுகள் தாமாகவே ஓரளவு மங்கும். இந்த மாற்றம் முதல் ஆறு மாதங்களில்தான் அதிகம். ஆகையால் கழற்றிய மறுநாளே எதையாவது செய்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். பல்லை வெளுக்கச் செய்யும் பொருள்களைக் கடையில் வாங்கிப் பூசவும் வேண்டாம். தெரியும் முன்பற்களின் திட்டில் மிக அடர்த்தியான ஃப்ளோரைடை உடனே பூசினால், மேற்பரப்பு மட்டும் இறுகி உள்ளே வெண்மை அப்படியே தங்கிவிடலாம் என்பதால், அதையும் மருத்துவரின் முடிவுக்கே விட வேண்டும்.

பால் புரதத்திலிருந்து எடுத்த, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கிரீமைச் சிலருக்குத் தருகிறோம். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. ஆறு மாதத்துக்குப் பிறகும் கண்ணை உறுத்தினால், நுண்துளைகளுக்குள் நீர்த்த பிசினை ஊறவிட்டு ஒளியால் இறுக்கும் முறை இருக்கிறது. துளையிடாமல், மரத்துப்போக ஊசி போடாமல் ஒரே அமர்வில் முடியும். ஒளிச்சிதறல் நின்றுவிடுவதால் திட்டு சுற்றியுள்ள பல்லோடு பெரும்பாலும் கலந்துவிடும். மேற்பரப்பு உடைந்து குழியாகிவிட்டால் அடைப்பதைத் தவிர வழியில்லை.

சிகிச்சை பாதியில் இருக்கும்போதே கம்பியைக் கழற்றிவிடலாம் என்கிறார் மருத்துவர். கட்டிய பணம் என்னாவது?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரின் வேதனை எனக்குப் புரிகிறது. சீட்டுப் பணத்தை எடுத்து, நகையை அடகு வைத்துப் பிள்ளைக்குக் கம்பி போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் திட்டுகள் மாதத்துக்கு மாதம் பெருகி, குழி விழத் தொடங்கிய பிறகு கம்பியை வைத்திருப்பது, நேரான சொத்தைப் பற்களை உருவாக்குவதாகவே முடியும். கோணல் பல்லைப் பதினெட்டு வயதிலும் இருபத்தைந்து வயதிலும்கூடச் சீராக்கிக்கொள்ளலாம். போன எனாமல் மீண்டும் வளராது. கழற்றுவதற்கு முன் ஒரு வழியைக் கேட்டுப் பாருங்கள்: கம்பியை மட்டும் எடுத்துவிட்டு, பிராக்கெட்டுகளை விட்டுவைத்து, ஓரிரு மாதம் பிள்ளை சுத்தமாகத் துலக்குகிறதா என்று பார்க்கலாம். தேறிவிட்டால் சிகிச்சையைத் தொடரலாம். பிள்ளையை மற்றவர் முன்னிலையில் திட்டாதீர்கள். ஐந்து நிமிட வேலையை இரண்டு ஆண்டுகள் தனியாகச் செய்வது பன்னிரண்டு வயதில் எளிதல்ல, பக்கத்தில் நின்று பார்க்க ஒரு பெரியவர் வேண்டும்.

கம்பியைக் கழற்றிய பிறகு சொத்தைப் பயம் போய்விடுமா?

குறையும், போகாது. பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க ரிட்டெய்னர் கொடுப்பார்கள். கீழ் முன்பற்களின் பின்புறம் மெல்லிய கம்பியை நிலையாக ஒட்டியிருந்தால், அங்கே காரை, அதாவது இறுகிக் கெட்டியான பற்படலம், விரைவாகப் படியும். பல்லிடைப் பிரஷ்ஷை அங்கேயும் நுழைத்துத் துலக்க வேண்டும். கழற்றி மாட்டும் ரிட்டெய்னர் என்றால், இரவு பல் துலக்கிய பிறகே மாட்ட வேண்டும். அதையும் தனியாக ஒரு பிரஷ்ஷால் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும், வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். கழற்றிய மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, முதல் நாள் எடுத்த புகைப்படத்தோடு பற்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.